கேமராவைக் கீழே போடாத மாப்பிள்ளை

மதியம் சாப்பிட்டுவிட்டு ஒரு சினிமாவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் எனக்கு நல்ல தூக்கம் வரும். காதல் படம் என்றால் பத்து நிமிடம் தாங்குவேன். குடும்பப் படம் என்றால் பெயர் போடும்போதே குறட்டை. என்னைத் தூங்கவிடாத ஒரே ரகம் ஜாம்பிப் படம்தான். அதிலும் யாரோ கையில் பிடித்து எடுத்த வீடியோ, எடுத்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார், கேமரா மட்டும் கிடைத்தது என்று காட்டுகிறார்களே, அந்த வகை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர் அம்மா. நான் செய்த காரியம் சினிமாவைப் பற்றிய ஒரு கருத்து வேறுபாடு. உங்கள் சட்டத்தில் அதற்கு வேறு பெயர் இருக்கலாம்.

பக்கத்து அறையில் உட்கார்ந்து ‘நான்தான் கடித்தேன்’ என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாரே, எங்கள் எதிர்வீட்டுக்காரர், நடைப்பயிற்சிக் குழுத் தலைவர், அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவர் பொய் சொல்கிறார் என்று சொல்லமாட்டேன். மனதார நம்புகிறார். ஆனால் மற்றவன் வேலைக்கு இவர் மாலை போட்டுக்கொள்வது நியாயமில்லை.

என் தொழில் பல் செட் செய்வது. பல் டாக்டர் பிடுங்குவார், நான் கட்டுவேன். யாருக்குச் செட் செய்தாலும் வாயின் அச்சை பிளாஸ்டரில் எடுத்துப் பத்திரமாக வைத்துவிடுவேன். எங்கள் பகுதிக் கிழவர்களின் வாயெல்லாம் என் அலமாரியில் வரிசையாக இளித்துக்கொண்டிருக்கும். எனக்கே வாயில் ஒரு சொந்தப் பல் கிடையாது. சமையற்காரன் தன் சமையலைத் தானே சாப்பிட வேண்டும் அல்லவா?

என் ஒரே மகளைக் கட்டிய மாப்பிள்ளை கல்யாண வீடியோ எடுப்பவர். என் வீட்டு மாடியில்தான் இருவரும் குடியிருக்கிறார்கள். அவருக்கு ஒரு ஜாம்பிப் படம் எடுக்க ஆசை. ஏன் இந்த ரகம் என்று கேட்டேன்.

“மாமா, இதுல தப்புன்னு ஒன்னு கிடையவே கிடையாது. இருட்டா இருந்தா பயம். ஆடுனா நிஜம். ஆளே தெரியலைன்னா மர்மம்.”

“அப்படிப் பாத்தா நீங்க எடுக்கிற கல்யாண வீடியோவெல்லாம் இந்த ஸ்டைல்தான் மாப்பிள்ளை.”

உள்ளேயிருந்து என் மகள் சிரித்தாள்.

ஆனால் அவர் சொன்னதில் உண்மை உண்டு. மற்ற படங்களில் பேய் வரும் முன்பே வயலின் வந்து தகவல் சொல்லிவிடும். இதில் பின்னணி இசை இல்லை. கேமரா பிடித்தவனின் மூச்சு மட்டும் கேட்கும். அவன் பார்ப்பதைத்தான் நாமும் பார்க்க முடியும். அவன் முதுகுக்குப் பின்னால் இருப்பது அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. இதைவிட மலிவான பயமும் இல்லை, உயர்ந்த பயமும் இல்லை.

படம் முக்கால் பாகம் முடிந்தது. தூரத்து நகரம் ஒன்றிலிருந்து ஒரு கம்பெனி அதைப் பார்த்துவிட்டு, முடிவு மட்டும் சரியாக வந்தால் படத்தை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம், இங்கேயே வந்து வேலை செய்யுங்கள் என்றது. என் மகள் அன்றே பரணில் இருந்த பெட்டிகளை இறக்கித் தூசி தட்டினாள். எனக்குச் சந்தோஷம்தான். பெண் என்றால் புருஷனோடு போகத்தானே வேண்டும். காலையில் மாடியில் அவள் நடக்கும் சத்தம் கேட்டால்தான் எனக்கு எழுந்திருக்கவே தோன்றும் என்பதெல்லாம் இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லாத விஷயம். அதை எழுதிக்கொள்ள வேண்டாம்.

ஜாம்பிகளைக் கொடுத்தது நான்தான். எங்கள் நடைப்பயிற்சிக் குழுவையே கூட்டிக்கொண்டு போனேன். கையைத் தொங்கப்போட்டு, வாயைப் பிளந்து, காலை இழுத்து இழுத்து நடப்பதற்கு அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அலமாரியிலிருந்த அச்சுகளை வைத்து ஆளுக்கொரு கோரைப்பல் செட் செய்தேன். எல்லாம் மெத்தென்ற ரப்பர். அதைக் கொண்டு வாழைப்பழத்தைக்கூடக் கடிக்க முடியாது.

படப்பிடிப்பு ஒரு மூடிப்போன ஃபர்னிச்சர் கடையில். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி, பட்டப்பகலிலேயே எடுத்தார்கள். அங்கே விற்காமல் கிடந்த கட்டிலும் மெத்தையும்தான் வினையாகிவிட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு மாப்பிள்ளை ‘ஆக்‌ஷன்’ என்று கத்தினால் நாலு ஜாம்பிகள் எழுந்திருக்கும், மற்றவை புரண்டு படுக்கும். தலைவருக்கு மட்டும் தூக்கமே இல்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு திரிந்தார்.

“யோவ் பல்லு, எனக்கு ஒரு குளோசப் வைக்கச் சொல்லுய்யா. உன் மாப்பிள்ளைதானே?”

“உமக்கு குளோசப் வச்சா மேக்கப் போட்டிருக்கா இல்லையான்னு ஜனங்க குழம்பிடும்.”

“வயித்தெரிச்சல்யா உனக்கு. என் முகத்துல ஒரு களை இருக்கு.”

“இருக்கு. பிடுங்கத்தான் ஆளில்லை.”

கடைசிக் காட்சியில், கேமராவைப் பிடித்திருக்கும் கதாநாயகனைத் தலைவர் பிடித்துவிட வேண்டும். கதாநாயகன் மாப்பிள்ளையேதான். இங்கேதான் இந்த ரகப் படங்களின் பெரிய ஓட்டை வெளியே வந்தது. பிணம் எழுந்து துரத்துகிறது, இவன் ஏன் இன்னும் படம் பிடித்துக்கொண்டிருக்கிறான்? யாராக இருந்தாலும் கேமராவை வீசிவிட்டு ஓடமாட்டானா? இந்தக் கேள்விக்கு எந்தப் படத்திலும் உருப்படியான பதில் கிடையாது. மாப்பிள்ளை அதை நிரூபித்தே காட்டினார். ஒவ்வொரு முறையும் கூட்டம் நெருங்கியதும் கேமராவை ஏதாவது ஒரு சோபாவில் போட்டுவிட்டுப் படியிறங்கி ஓடிவிட்டார்.

என் மகளுக்குத் தாங்கவில்லை. “ஏங்க, அது எதிர்வீட்டு மாமாங்க. நேத்து நம்ம ஏணியைக் கேட்டு வாங்கிட்டுப் போனாரே.”

“தெரியுதுடி. ஆனா அந்த வாயைத் திறந்தாரு பாரு.”

இப்படியே நாட்கள் போயின. ‘முடிவு எங்கே’ என்று கம்பெனி கேட்டுக்கொண்டே இருந்தது. என் மகளின் முகம் வாடிக்கொண்டே வந்தது. பெற்ற மனம் பார்த்துக்கொண்டிருக்குமா? நான் மாப்பிள்ளையின் வலது கையை அச்செடுத்தேன். பல் செட்டுக்கு ஈறு வார்க்கும் அதே பொருளில், கேமராவோடு சேர்த்து ஒரு பிடி வார்த்தேன். இரண்டு பாதி. கையை உள்ளே வைத்து மூடி, மணிக்கட்டில் திருகாணி போட்டுவிட்டால் எலும்பை உடைத்தால்தான் கழற்ற முடியும். அல்லது திருப்புளி வேண்டும். திருப்புளி என் பையில் இருந்தது.

“பிரமாதம் மாமா, கையோட கையா உக்காந்திருச்சு” என்று மாப்பிள்ளை மெச்சிக்கொண்டார். பெரிய ஓட்டை அடைபட்டது.

மிச்சமிருந்த ஓட்டைகளைப் பற்றி அவரிடம் பேசவில்லை. படைப்பாளியின் மனதைப் புண்படுத்தக் கூடாது. ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். நடக்கவே திணறும் ஜாம்பி ஓடுகிறவனை எப்படிப் பிடிக்கும்? பிடித்தாலும் ஏன் எப்போதும் கழுத்தையே கடிக்கிறது? கழுத்தைக் கடித்தால் ஆள் அங்கேயே முடிந்தான், கதையும் முடிந்தது. குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி ஒரு நரம்பு ஓடுகிறது. தொட்டுப் பாருங்கள், தெரியும். அதைக் கடித்தால் ஆள் சாகமாட்டான், எங்கேயும் போகவும்மாட்டான். அறிவுள்ள ஜாம்பி அங்கேதான் வாயை வைக்கும்.

ஆகவே நான் இன்னொரு செட் செய்தேன். இது ரப்பர் இல்லை. உள்பக்கம் என் ஈறுக்குப் பொருந்துகிற மாதிரி, வெளிப்பக்கம் தலைவரின் பல் வரிசையை அச்சு மாறாமல் அப்படியே வைத்தேன். சொந்தப் பல் மாதிரி தெரியட்டும் என்று அவருடைய செட்டில் முன்பல் இரண்டையும் லேசாக ஒன்றின்மேல் ஒன்று ஏற்றிக் கட்டியிருந்தேன். அதைக்கூட விடவில்லை. உங்கள் ஆட்கள் காயத்தின் தடத்தை அவர் தினமும் போடுகிற செட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தானே அவரைக் கூட்டிவந்தார்கள்? வேலை சுத்தமாக இருந்ததற்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்குக் கிடைக்கப் போவதில்லை.

அன்றைக்குத் தலைவர் ஒரு மர பீரோவுக்குள்ளிருந்து வெளியே வர வேண்டும். உள்ளே வசதியாக உட்காரட்டும் என்று தலையணை கொடுத்தேன். அவருடைய தூக்க மாத்திரையையும் மதியமே ஞாபகப்படுத்திக் கொடுத்துவிட்டேன். வயதானவர்கள் மருந்தை மறக்கக் கூடாது. பிறகு நான் பீரோவுக்கு எதிரே இருந்த கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை வந்தார். பீரோ திறக்கும் திறக்கும் என்று கேமராவை அதன் பக்கமே நீட்டிக்கொண்டு பின்பக்கமாகவே கட்டிலை நோக்கி நகர்ந்து வந்தார். பீரோவுக்குள்ளிருந்து குறட்டைதான் வந்தது. அது படத்தில் உறுமல் மாதிரி அருமையாகப் பதிவாகியிருக்கிறது. அவருடைய குதிகால் என் மூக்குக்கு நேரே வந்து நின்றது. செருப்புகூடப் போட்டிருக்கவில்லை.

சத்தம் கேட்டு எல்லோரும் ஓடிவந்தார்கள். ஜாம்பிகள் அத்தனை வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. அந்தக் களேபரத்தில் தலைவர் பீரோவைத் திறந்துகொண்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு, வாய் நிறைய கோரைப்பல்லோடு வெளியே வந்து நின்றார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். “நானா?” என்று கேட்டார். சற்று யோசித்துவிட்டு, “பாத்திரத்துக்குள்ள போயிட்டேன்யா, எனக்கே தெரியல” என்றார். அதற்குள் நான் கட்டிலின் மறுபக்கம் எழுந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, ஆம்புலன்சுக்குப் போன் செய்யுங்கள் என்று முதல் ஆளாகச் சொல்லிவிட்டேன்.

கடைசிக் காட்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கட்டிலுக்கடியிலிருந்து நீளும் ஒரு கையும் கொஞ்சம் நரைத்த முடியும்தான் தெரிகிறது. கேமரா கீழே விழவே இல்லை. விழ முடியாதே. அது ஆடிய ஆட்டத்தில் ஒரு கணம் மாப்பிள்ளையின் முகமே பதிவாகியிருக்கிறது. எந்த நடிகனாலும் அந்த முகத்தைக் கொண்டுவர முடியாது. கம்பெனிக்காரர்கள் பார்த்துவிட்டுப் படத்தை அப்படியே வாங்கிக்கொண்டார்கள். வேலை காத்திருக்கிறது, நடக்க முடிந்ததும் வாருங்கள் என்கிறார்கள். டாக்டர் ஒரு வருடம் ஆகும் என்கிறார். அதற்குப் பிறகும் ஊன்றுகோல் வேண்டுமாம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மகள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

“உங்க வாய் ஏன்ப்பா வீங்கியிருக்கு?”

“செட்டு சரியா உக்காரலைம்மா. ஈறு புண்ணாயிடுச்சு.”

“யாரு செஞ்ச செட்டு?”

“நான்தான்.”

“நீங்க செஞ்ச செட்டு உக்காரலையா?” என்றாள். எழுந்து எதிர் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. பரவாயில்லை, வீட்டில்தான் இருக்கிறாள். மாப்பிள்ளையால் படியேற முடியாததால் இருவரும் இப்போது கீழே என் கூடத்திலேயே படுத்துக்கொள்கிறார்கள். காலையில் எழுந்தால் கண்ணெதிரே நடமாடுகிறாள்.

நடந்தது இவ்வளவுதான். கடித்தது நான். ஒரு கலையின் குறைகளைச் சரிசெய்யப் போய் உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள், அவர்கள் கிளம்பப்போகிற நாள் எனக்கு முன்னாலேயே தெரியுமா என்று. தெரியாது. தேதி குறித்ததை யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லாததை நான் எப்படி அறிவேன்? ரயிலா பஸ்ஸா என்றுகூட எனக்குத் தெரியாது. ஜன்னலோரமாகப் பார்த்து இரண்டே இரண்டு டிக்கெட்தான் எடுத்திருந்தார்கள்.