நடையை வைத்துச் சொன்ன சாட்சி

நவம்பர் 12, செவ்வாய், காலை 7.10. தூறல், பனிமூட்டம். தானா ராத்தா டவுனுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண்கள் இருவர். ஊரே பேசும், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் கொலை வழக்கில் சாட்சி சொன்னவள் ஜன்னலோரம் இருந்தாள்.

"கோர்ட்டுல கலக்கிட்டியாமேக்கா! பேப்பர்ல போட்டோ வேற," என்றாள் பக்கத்திலிருந்தவள்.

"போடி. தூக்கமே வரல."

"ஏன், நீ கைகாட்டினவன்தானே செஞ்சான்?"

"பனியில மூஞ்சி எங்க தெரிஞ்சிச்சு? இடது கால இழுத்து நடந்தத வச்சுதான் அவன் பேரச் சொன்னேன்."

"அப்புறம் என்ன?"

"இன்னைக்கு விடிய, அதே இடத்துல, அதே மாதிரி கால இழுத்துக்கிட்டு ஒருத்தன் போனான்டி. இவன் ஜெயில்ல இருக்கான்."

"ஐயோ! தூக்குல போட்டுருவாங்களேக்கா அவன! லாயர்கிட்ட சொல்லு."

"சொல்லத்தான் போய்க்கிட்டிருக்கேன். மெதுவாப் பேசு."

"ஏன்?"

"விடிய பாத்தேனே, அவனும் இந்த பஸ்லதான் ஏறினான். கடைசி சீட்டு."

எனக்குப் பின்னால் நான்கு வரிசைகள். நான் ஏறும்போது மூன்று காலியாக இருந்தன; கடைசியில் மட்டும் ஒரு ஆள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. வழியில் திரிங்காப் நிறுத்தத்தில் மணியடித்து இறங்கிவிட்டேன். இறங்கியவன் நான் ஒருவன்தான். பஸ் அவர்களோடு பனிக்குள் போனது.

மிச்ச வழிக்கு டாக்சி, நாற்பது ரிங்கிட்.