குகைக் கிடங்கின் கதவைப் பூட்டியது குறித்து

பட்டறையில் என்னைச் சாவி என்றுதான் கூப்பிடுவார்கள். வயது நாற்பத்தொன்று. படகுப் பட்டறையின் கிடங்குக் காவலாளி. பட்டறைக்குப் பின்புறமுள்ள தொழிலாளர் குடியிருப்பில் மனைவியுடனும் அவள் தம்பியுடனும் வசிக்கிறேன். இறந்துபோனது அந்தத் தம்பிதான். போலீசார் விசாரித்ததன் பேரில் நான் சொல்வது:

கடலோரப் பாறையில் உள்ள குகைதான் எங்கள் கிடங்கு. அதன் பின்பகுதியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய மனித எலும்புகள் கிடக்கின்றன. ஆராய்ச்சிக்காரர்கள் வேண்டியதை எடுத்துப் போன பிறகு, வாசலில் தகரக் கதவு போட்டு முன்பகுதியில் பெயின்ட், தின்னர், கயிறு எல்லாம் வைத்திருக்கிறோம். எலும்புகளை 'பெரியவங்க' என்போம். மரியாதைக்காக எல்லோரும் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அதனால் செருப்பு கிடக்கிறதா என்று பார்த்துத்தான் பூட்டுவேன். அலை மோதினால் உள்ளே தட்டுவது போல் சத்தம் வரும். "பெரியவங்க வாடகை கேக்குறாங்க" என்று கிண்டல் செய்வோம்.

நேற்று காலை மைத்துனனின் செருப்பு அறுந்துவிட்டது. "புதுசு வாங்குடா, கஞ்சப்பிசினாறி" என்றேன். "நீங்க வாங்கிக் குடுங்க மச்சான்" என்று சிரித்துவிட்டு வெறுங்காலோடு வேலைக்கு வந்தான். மதியம் நான் கிடங்கைத் திறந்து வைத்துவிட்டு, ஒரு படகைக் கரையேற்றக் கைகொடுக்கப் போனேன். அந்த நேரத்தில் அவன் பெயின்ட் எடுக்க உள்ளே போயிருக்கிறான். திரும்பி வந்து பார்த்தேன், வாசலில் செருப்பு இல்லை, பூட்டிவிட்டேன். அதன் பிறகு சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தபோது உள்ளே மூன்று முறை தட்டும் சத்தம் கேட்டது. குரல் எதுவும் வரவில்லை. "அடுத்த மாசம் தர்றோம், இப்ப போய்ப் படுங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

அதன் பிறகு அவனைக் காணோம் என்று சாயங்காலம் வரை எல்லா இடத்திலும் தேடிவிட்டு, கடைசியில் கிடங்கைத் திறந்தோம். தின்னர் கேன் கவிழ்ந்து நெடி மூச்சை அடைத்தது. கதவை ஒட்டியே விழுந்து கிடந்தான். ஐயோ, அந்த வெறுங்காலைப் பார்த்ததும்தான் இந்தப் பாவிக்கு உறைத்தது. மற்றவர்கள்தான் தூக்கினார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மனைவி என் சட்டையைப் பிடித்து, "அவன் தட்டலையா? உங்களுக்கு ஒண்ணுமே கேக்கலையா?" என்றாள். அலைச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்றேன். அது பொய். கடல் அந்த நேரம் குளம் மாதிரிக் கிடந்தது.

நான் சொன்னதை எழுதி எனக்குப் படித்துக் காட்டினார்கள். கூட்டவோ குறைக்கவோ ஒன்றும் இல்லை. இதை என் மனைவிக்கும் படித்துக் காட்டுங்கள். என் வாயால் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

(கையொப்பம்)