ஒற்றை முடிச்சு

ராத்திரி ஏழரை மணி இருக்கும். குன்னத்துக்குக் கிழக்கே பருத்திக் காட்டு வண்டிப்பாதை... ஆள் நடமாட்டம் கிடையாது. நல்லுசாமி தனியாக வந்துகொண்டிருந்தான். தோளில் கடப்பாரை. கையில் சாக்கு, வெறும் சாக்கு. இதை எனக்குச் சொன்ன நம்ம வெள்ளைச்சாமிக்குச் சித்தப்பன் முறை. அவன் சொன்னதில் பாதி பொய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முடிச்சு மட்டும் பொய் இல்லை.

வருஷம் எழுபத்துமூணோ நாலோ. பாம்புத்தோல் வாங்க யாவாரி வாராவாரம் வந்த காலம். நல்லுசாமியும், அவன் பெண்டாட்டி இருசம்மாளின் அண்ணன் செல்லக்கண்ணுவும் சேர்ந்துதான் பிடிப்பார்கள். முதல் நாள் செல்லக்கண்ணு மட்டும் போய்த் தடம் பார்ப்பான். புழுதியில் ஒரு கோடு போதும் அவனுக்கு. வளை வாசலில் ஆவாரங்குச்சி நட்டு, கத்தாழை நாரால் முடிச்சுப் போட்டுவிட்டு வருவான். ஒரு முடிச்சு என்றால் சாரை, கையை விட்டு வாலைப் பிடித்து இழுக்கலாம். இரண்டு என்றால் நல்ல பாம்பு, கை போகக் கூடாது. இருபது வளை பார்த்தவனுக்கு எதில் எது என்று நினைவிருக்குமா? முடிச்சைத்தான் நம்புவான். இடது கைக்காரன், முடிச்சும் இடம்புரியாகவே விழும்.

நல்லுசாமியும் குனிந்து குனிந்து பார்த்தான். அவன் கண்ணுக்கு ஓணான் தடம்தான் அகப்பட்டது. யாவாரி வந்து இறங்கினதும், "செல்லக்கண்ணு எங்கப்பா?" என்பான். முதல் டீயும் அவனுக்குத்தான். வீட்டிலாவது நிம்மதி உண்டா? சோறு போடும்போதே இருசம்மாள் ஆரம்பிப்பாள்.

"எங்கண்ணன் கண்ணு யாருக்கு வரும்? நீங்க பாம்பு மேலயே உக்காந்து பீடி குடிச்சிட்டு வருவீங்க."

நல்லுசாமி பாதிச் சோற்றில் கை கழுவிவிடுவான்.

ஒரு நாள் யாவாரி தானும் கூட வந்து பார்ப்பதாகச் சொன்னான். அன்று விடியுமுன்னே நல்லுசாமி காட்டுக்குப் போனான். இரட்டை முடிச்சு ஒன்றைத் தேடிப் பிடித்து, ஒன்றை அவிழ்த்துவிட்டான். கொல்ல வேண்டும் என்று இல்லை... பாம்பு சீறினதும் அவன் அலறி விழட்டும், யாவாரி பார்க்கட்டும். அவ்வளவுதான்.

செல்லக்கண்ணு அலறவில்லை. கையை வெளியே எடுத்தான். முடிச்சைப் பார்த்தான்.

"மாப்ள... நான் ரெண்டுல்ல போட்டேன்."

பொழுது உச்சிக்கு வருமுன் வாயில் நுரை.

கருமாதி முடிந்த மறுநாள் நல்லுசாமி தனியாகப் போனான். ஒரு வளை வாசலில் ஆவாரங்குச்சி. இலை வாடவில்லை. ஒற்றை முடிச்சு... இடம்புரி. கையை உள்ளே விடப் பயந்து கடப்பாரையால் தோண்டினான். சாரை. மறுநாளும் குச்சி, மறுநாளும் சாரை.

"செல்லக்கண்ணையே மிஞ்சிட்டியேப்பா" என்று யாவாரி முதல் டீயை நீட்டினான். டீ இனிக்கவில்லை. செத்தும் அவன்தானே கண்டுபிடிக்கிறான்?

அன்றைக்குத்தான் வயிறு எரிந்து, கண்ட குச்சியையெல்லாம் பிடுங்கி ஒடித்துப் போட்டான். "போ மச்சான். என் கண்ணு எனக்குப் போதும்." பொழுதுக்கும் அலைந்தான். ஒன்றும் அகப்படவில்லை. அதனால்தான் வெறும் சாக்கு.

பின்னால்... சரக். நின்றால் நிற்கிறது. நடந்தால் வருகிறது. பச்சை உருளைக்கிழங்கை அறுத்தது மாதிரி ஒரு வாடை. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

வீடு இருட்டாகக் கிடந்தது. இருசம்மாள் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். தீப்பெட்டி எப்போதும் வாசல் கூரையில்தான் செருகியிருக்கும். கீற்றுக்குள் கையை விட்டுத் துழாவினான். விரலில் ஒரு குச்சி தட்டியது. இலை. நார். நெருடிப் பார்த்தான்... ஒரே முடிச்சு.

சாரைதான். மூச்சு வந்தது.

விரல் நாரோடு மேலே போனது. அங்கே ஒரு மடிப்பு. போட்ட முடிச்சை அவிழ்த்தால் நாரில் நிற்குமே, அந்த மடிப்பு. ஈரம்கூடக் காயவில்லை.

கை இன்னும் கீற்றுக்குள்ளேதான் இருந்தது.