மஞ்சள் குழிப் பேய்க்கு ஒரு மதிப்புரை

லோகப்பிரியா: அழியாத காதலுக்கு அஞ்சு ரூபாதானுங்க வெல போட்டிருக்குது. அட்டையப் பாருங்க. ‘மரணத்தையும் மிஞ்சிய காதல். விலை ரூபாய் ஐந்து.’

மோகன்குமார்: அஞ்சே அதிகமுங்க.

லோகப்பிரியா: அப்ப எத்தன போடலாம்?

மோகன்குமார்: மொத்தமா எடுத்தா... மூணேகால். அதுவும் காயிதத்துக்கு. காதலுக்குன்னு தனியா ஒண்ணும் குடுக்கறதுக்கில்லைங்க.

லோகப்பிரியா: நல்லாத்தான் கொறைக்கறீங்க.

மோகன்குமார்: ஈரோட்டுல மஞ்ச மண்டிங்க. வேற எப்படிப் பேச வரும்? ஏனுங்க, பொண்ணு பாக்க வந்தவன மாடிக்குப் போயித் தனியாப் பேசுங்கன்னாங்க. சந்தோசமா ஏறி வந்தேன். மத்த ஊட்லயெல்லாம் சம்பாத்தியம் என்ன, சிகரெட் உண்டான்னு கேப்பாங்க. நீங்க நாவலுக்கு மதிப்புரை கேக்கறீங்க!

லோகப்பிரியா: புரோக்கர் சொல்லலீங்களா? ஜாதகத்தோட சேத்துத்தான் புஸ்தகத்தையும் குடுத்துவிட்டேன். படிச்சுப்போட்டு வரோணும்னு.

மோகன்குமார்: சொன்னாருங்க. ஜாதகத்த எங்கப்பா பாத்தாரு, புஸ்தகத்த நான் பாத்தேன். ரெண்டுலயும் தோசம் இருந்துச்சு.

லோகப்பிரியா: முன்னால வந்த மூணு பேருக்கும் இதே புஸ்தகந்தானுங்க. ஒருத்தர் பின்னட்டைய மட்டும் படிச்சுட்டு வந்தாரு. இன்னொருத்தர், அந்தப் பேய்க்குக் காடு தோட்டம் எத்தன ஏக்கராங்கன்னு கேட்டாரு. மூணாவது ஆளு, அவங்க அக்காவப் படிக்கச் சொல்லிக் கதையக் கேட்டுட்டு வந்தாரு.

மோகன்குமார்: மூணு பேரும்...?

லோகப்பிரியா: மேட்டுப்பாளையம் ரோட்டுல பஸ் ஏறிட்டாங்க.

மோகன்குமார்: நான் ஏறக் கூடாதுங்க. இந்த எடம் அமையலீன்னா தை மாசமே பெருந்துறை அத்த மவளக் கட்டி வெச்சுப்போடுவேன்னு எங்கப்பா சொல்லிட்டாரு. அந்தப் புள்ளைக்கு என்னைப் புடிக்காது. எனக்கும் அப்படித்தான்.

லோகப்பிரியா: அப்ப ஒழுங்காச் சொல்லுங்க. மொதல்ல கதை.

மோகன்குமார்: ரித்திகான்னு ஒரு புள்ள. பதினேழு வயசு, பிளஸ் டூ. அவங்கப்பா ஈரோட்டுல ஒரு பழைய மஞ்ச குடோன வாங்கறாரு. உள்ளுக்குள்ள ஒரு குழி. அந்தக் காலத்துல மஞ்சள மண்ணுக்குள்ள குழி தோண்டித்தான் கொட்டி வெப்பாங்க. அதுக்குள்ள எறங்கி மூச்சு முட்டிச் செத்தவன் கௌதமன். அம்பது வருசமா அவனுக்குப் பத்தொம்பது வயசு.

லோகப்பிரியா: ம்.

மோகன்குமார்: அமாவாசைக்கு அமாவாசை வெளிய வாரான். அவன் புள்ளையப் பாக்கறான், புள்ளையும் அவனப் பாக்குது. பிசிக்ஸ் டியூசனுக்குப் போறேன்னு சொல்லிப்போட்டு குடோனுக்குப் போகுது. பிசிக்ஸுல பெயிலு. காதல்ல பாஸு.

லோகப்பிரியா: கொறை என்னங்க?

மோகன்குமார்: மஞ்ச இருக்கற எடத்துல பேய் அண்டுமாங்க? நம்மூர்ல பேய் ஓட்டறதே மஞ்சத்தண்ணி தெளிச்சுத்தான். இவன் மஞ்சளுக்குள்ளயே குடியிருக்கறான். மேலெல்லாம் மஞ்சப்பொடியோட எந்திரிச்சு வந்தா பேய் மாதிரியா இருப்பான்? மாரியாத்தா கோயிலுக்குத் தீச்சட்டி எடுக்கறவன் மாதிரி இருப்பான்.

லோகப்பிரியா: அது எனக்குக் கொறையாத் தெரியலீங்க. மனசு சுத்தமா இருக்கறதுனால மஞ்ச அவன ஒண்ணும் பண்ணலைன்னு நடுவுல ஒரு பாரா வருதே.

மோகன்குமார்: ஆமாங்க... அந்த பாரா பரவால்ல. நீங்க கவனிச்சுட்டீங்களா?

லோகப்பிரியா: ஏன் மூஞ்சியெல்லாம் சிரிப்பு?

மோகன்குமார்: சிரிக்கலீங்க. காத்து.

லோகப்பிரியா: என் கொறையக் கேளுங்க. கௌதமன் உசுரோட இருந்தப்ப குடோன்ல மூட்ட தூக்கினவன். செத்து வந்து, ‘என் இதய வானின் பௌர்ணமியே’ங்கறான். செத்ததும் செந்தமிழ் வந்துருமாங்க?

மோகன்குமார்: அது... அம்பது வருசம் குழிக்குள்ள சும்மா இருந்தவனுங்க. யோசிக்கறதுக்கு நேரம் நெறையக் கெடச்சிருக்கும்.

லோகப்பிரியா: அந்தப் புள்ள பக்கத்துக்குப் பக்கம் அழுகறா. அமாவாசைன்னா வந்துட்டான்னு அழுகறா. மறுநாள் போயிட்டான்னு அழுகறா. நடுவுல பவுர்ணமிக்கு என்னத்துக்குங்க அழுகறா?

மோகன்குமார்: பாதி தூரம் வந்தாச்சுன்னு...

லோகப்பிரியா: முத்தமாச்சும் ஒழுங்கா இருக்குதா? ஒண்ணே ஒண்ணு. அதுவும் நெத்தியில. பேய்க்கு என்னங்க பயம்?

மோகன்குமார்: பயம் பேய்க்கு இல்லீங்க, மாசா மாசம் இந்த நாவலப் போடற பத்திரிகை ஆசிரியருக்கு. நா... அவங்க மூணு முத்தம் எழுதிக் குடுத்து, பேரம் பேசி, ஒண்ணுல வந்து நின்னிருப்பாங்க.

லோகப்பிரியா: யாருங்க அவங்க?

மோகன்குமார்: அந்த எழுத்தாளரம்மா. சென்னை வெண்மதி சாரதி. அட்டையிலயே போட்டிருக்குதுல்லங்க.

லோகப்பிரியா: ஏனுங்க இத்தன வேர்க்குது?

மோகன்குமார்: வெயிலுங்க.

லோகப்பிரியா: பொழுது உழுந்து லைட்டே போட்டாச்சு.

சாமியாத்தாள்: லோகு! கண்ணு! கீழ வந்திருக்கற ஒறம்பரையெல்லாம் ரெண்டாந்தரம் வெத்தல போட்டாச்சு. இன்னுமா பேசறீங்க?

லோகப்பிரியா: இன்னும் கிளைமாக்ஸே வரலீம்மா! படியேறி வராத, அங்கயே நில்லு!

சாமியாத்தாள்: ஏனுங்க தம்பி, அவ அப்படித்தானுங்க. பெத்தவ நானே சொல்றேன், தப்பா நெனச்சுக்காதீங்க. சமையலெல்லாம் நல்லாப் பண்ணுவா.

லோகப்பிரியா: பண்ண மாட்டேனுங்க.

மோகன்குமார்: பரவால்லீங்க...

லோகப்பிரியா: சரி, முடிவுக்கு வாங்க. அத நெனச்சாத்தான் இன்னும் வயிறு எரியுது. தொண்ணூறு பக்கம் பேயக் காதலிச்சுப்போட்டு, கடைசியில மாமன் மவனக் கட்டிக்கறா. கௌதமன் மாப்பிள்ளத் தோழனா பக்கத்துல நின்னு சந்தனம் பூசி உடறான்!

மோகன்குமார்: பேய எப்படிங்க கட்டி வெக்கறது? எந்த அருமைக்காரர் வந்து தாலி எடுத்துக் குடுப்பாரு? சீர் எப்படிச் செய்யறது? கையில கங்கணம் கட்டினா நிக்காதுங்க. நழுவி உழுந்துரும்.

லோகப்பிரியா: நெறைய யோசிச்சிருக்கறீங்க.

மோகன்குமார்: ஒரு வாரமா உங்களுக்காகத்தான் யோசிச்சேன்.

லோகப்பிரியா: பொய். சரி, கடைசிக் கொறை. எல்லாத்தையும் மன்னிச்சுப்போடலாம். இத மட்டும் முடியாதுங்க. கௌதமனோட எலும்ப எடுக்க ரித்திகா குழிக்குள்ள எறங்கறா பாருங்க...

மோகன்குமார்: ஆமாங்க.

லோகப்பிரியா: நேராப் போயித் தொப்புன்னு குதிக்கறா. ஒரு பையன் மூச்சு முட்டிச் செத்த குழி. வருசக்கணக்கா மூடிக் கெடந்த குழி. அவன் செத்தான், இவ எப்படிங்க பொழச்சா? இத எழுதுன பொம்பளைக்கு மஞ்சக் குழின்னா என்னன்னே தெரியல. சென்னையில ஃபேனுக்கு அடியில உக்காந்து அளந்து உட்டிருக்கறா.

மோகன்குமார்: அப்படிச் சொல்லாதீங்க.

லோகப்பிரியா: ஏன் சொல்லக் கூடாது? குழியக் கண்ணால பாத்தவ இப்படி எழுதுவாளா?

மோகன்குமார்: ஏனுங்க, அவ நேராக் குதிக்கலீங்க! மொதல்ல அரிக்கேன் வெளக்கக் கயித்துல கட்டி உள்ள எறக்கறா. பாதியிலயே அணஞ்சுபோச்சு. அப்ப உள்ள காத்து கெட்டிருக்குதுன்னு அர்த்தம். குழிய ரெண்டு நாள் தொறந்து போடறா. வேப்பந்தழக் கொத்த உட்டு மேலயும் கீழயும் வீசிக் காத்து அடிக்கறா. மறுக்கா வெளக்க எறக்கறா. நின்னு எரியுது. அந்த வெளிச்சத்துல அவன் மூஞ்சி தெரியுது... அப்பறந்தான் காலெடுத்து வெக்கறா! முழுசா மூணு பக்கமுங்க!

லோகப்பிரியா: எந்த மூணு பக்கமுங்க? எம் புஸ்தகத்துல அது இல்லீங்களே.

மோகன்குமார்: கிழிஞ்சிருக்குமுங்க.

லோகப்பிரியா: பாருங்க. பக்க நம்பரெல்லாம் வரிசையா இருக்குது.

மோகன்குமார்: அப்ப அச்சுல உட்டிருப்பாங்க. பக்கம் கூடினா பைண்டிங் செலவு ஏறும்னு ஆசிரியர் வெட்டியிருப்பாரு...

லோகப்பிரியா: வெட்டிப்போட்டத நீங்க எங்கீங்க படிச்சீங்க? சென்னை வெண்மதி சாரதி அம்மா. வணக்கமுங்க.

மோகன்குமார்: அய்யோ, மெதுவாப் பேசுங்க! கீழ எங்கப்பா இருக்கறாரு!

லோகப்பிரியா: அவருக்குத் தெரியாதுங்களா?

மோகன்குமார்: மண்டிச் சாவி எங்கிட்ட இருக்குது, கடையச் சாத்தினதுக்கப்பறம் பையன் பொறுப்பாக் கணக்குப் பாக்கறான்னு ஊரெல்லாம் பெருமை பேசிட்டிருக்கறாரு. பொம்பளப் பேருல பேய்க்காதல் எழுதறவன்னு தெரிஞ்சா எந்த வெவசாயி எங்க மண்டியில மஞ்ச எறக்குவான்? ஏலத்துல நிக்கறப்ப ‘என் இதய வானின் பௌர்ணமியே’ன்னு கூப்புடுவானுங்க. கும்புட்டுக்கறேன், சொல்லிப்போடாதீங்க.

லோகப்பிரியா: சொல்லல. ஆனா அந்த மூணு பக்கத்த ஏன் வெட்ட உட்டீங்க? புஸ்தகத்துலயே அதுதான உசுரு?

மோகன்குமார்: நானா உட்டேன்? எல்லாம் ஒரு கொலகாரன் பண்ணுன வேலைங்க. வாசகர் கடுதாசிப் பக்கத்துல மாசா மாசம் வருவான். காளிச்சாமி, துடியலூர்.

லோகப்பிரியா: என்னங்க எழுதினாரு?

மோகன்குமார்: ‘வெண்மதி சாரதி சுருங்கச் சொன்னால் வாசகன் பிழைப்பான்’னு எழுதினான். அதப் படிச்சுட்டு ஆசிரியர் கத்திரியத் தூக்கிட்டாரு. அதுக்கு முந்தின நாவலுக்கு என்ன எழுதினான்னு தெரியுங்களா? ‘கதாநாயகி அழுத அழுகையில் பவானிசாகர் அணை நிரம்பும்’னு. ரெண்டு நாள் எனக்குச் சோறு எறங்கல.

லோகப்பிரியா: ஆளு... நல்லாத்தான எழுதியிருக்கறாரு.

மோகன்குமார்: நல்லா எழுதறான், அதுதானுங்க எரிச்சலே! மத்தவங்கெல்லாம் ‘சூப்பர்’னு எழுதிப்போட்டு பேனா பரிசு வருமான்னு பாக்கறாங்க. இவன் ஒருத்தன்தான் ஒரு வரி உடாமப் படிக்கறான். எழுத உக்காந்தாலே, இதுக்கு அந்தக் காளிச்சாமி என்ன சொல்லுவானோன்னுதான் மொதல்ல தோணும்.

லோகப்பிரியா: அவர நேர்ல பாத்தா என்ன பண்ணுவீங்க?

மோகன்குமார்: பாத்தாச்சுங்க.

லோகப்பிரியா: எங்க?

மோகன்குமார்: கீழ. எங்கப்பா பக்கத்துல உக்காந்து பாக்கு மென்னுட்டிருக்கறாரு. உங்கப்பா பேரு காளிச்சாமிதானுங்களே! ஜாதகத்துல பேரப் பாத்தேன், ஊரு துடியலூர்னு பாத்தேன். பொண்ணு போட்டோவக்கூடக் கேக்கல. வேட்டி மாத்திட்டுப் பொறப்பட்டு வந்துட்டேன்.

லோகப்பிரியா: அப்ப நீங்க என்னைப் பாக்க வரலீங்க.

மோகன்குமார்: ...மாடிப்படி ஏறற வரைக்கும் இல்லீங்க. ஏறினதுக்கப்பறம் அவர மறந்தே போயிட்டேன்.

லோகப்பிரியா: இது செந்தமிழ் இல்லீங்களே.

மோகன்குமார்: நான் இன்னும் சாகலீங்களே.

லோகப்பிரியா: கீழ அவர்கிட்ட ஏதாச்சும் கேட்டீங்களா?

மோகன்குமார்: ‘ஏனுங்க மாமா, நாவலெல்லாம் படிப்பீங்களா’ன்னு கேட்டேன். ‘அதெல்லாம் எதுக்குங்க தம்பி’ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுப்போட்டாரு. என்ன அழுத்தம்! இங்க நடந்தது அவருக்குத் தெரிஞ்சா, இந்த அழுமூஞ்சிக் கதைய எழுதினவனுக்கா பொண்ணுன்னு எந்திரிச்சுருவாருங்க.

லோகப்பிரியா: எங்கய்யனுக்கு மோட்டார் பம்பு பட்டறைங்க. ஸ்பேர் பார்ட்ஸ் வெலப்பட்டியலத் தவிர ஒரு காயிதத்தையும் கையில தொட மாட்டாரு. கலியாணப் பத்திரிகையக்கூட எங்கம்மாதான் படிச்சுச் சொல்லோணும்.

மோகன்குமார்: அப்ப... அந்தக் கடுதாசியெல்லாம்...?

சாமியாத்தாள்: லோகு! உங்கய்யன் கேக்கறாரு, சரியா இல்லையான்னு ஒரு வார்த்த சொல்லிப்போடு! ஈரோட்டு மஞ்ச மண்டி ஜாதகமாவே பாத்து எடுத்தாரச் சொன்னா இதோட நாலாச்சு, இனிமே ஈரோட்டுல மண்டி இல்லைங்கறாரு புரோக்கரு!

மோகன்குமார்: நாலுமே மண்டியா... ஏனுங்க?

லோகப்பிரியா: சரின்னு சொல்லும்மா! ...ஏனுங்கன்னா கேக்கறீங்க? சென்னைக்காரம்மா எழுதற எல்லாக் கதையிலயும் பேயி ஈரோட்டுலதான் சுத்துது, மஞ்ச ஏலமும் தப்பாம வருது. இது மண்டிக்குள்ள உக்காந்திருக்கற ஆம்பளன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சுங்க. பாராட்டி எழுதினா ஆளு வெளிய வர மாட்டாரு, திட்டினாச் சண்டைக்காச்சும் வருவாருன்னு எங்கய்யன் பேருல எழுதிப் பாத்தேன். வரல. அப்பறந்தான் ஜாதகம் வாங்க ஆரம்பிச்சேன். குழியப் பத்திக் கொறை சொன்னப்ப மத்த மூணு பேரும் தலையாட்டினாங்க, நீங்க ஒருத்தர்தான் சண்டைக்கு வந்தீங்க. கணக்குப் பாத்துக்கங்க. செலவு, கடுதாசி பதினெட்டு, மாப்பிள்ள மூணு பேரு. வரவு, எழுத்தாளர் ஒருத்தர். வெட்டிப்போட்ட மூணு பக்கம் இன்னும் பாக்கி. அத முகூர்த்தத்துக்கு முன்னால கொண்டாந்து குடுத்துப்போடுங்க, மதிப்புரைய அப்பறம் சொல்றேன்.