சப்பாத்துக் கழட்டாத இடம்

“ஹலோ... ஓம் பெரியம்மா, கஜேந்தினிதான். லைன் வெட்டுப்பட்டுப் போச்சுது... ஓம், விட்ட இடத்திலயிருந்தே சொல்லுறன். மூண்டு மணித்தியாலமும் நாப்பது நிமிசமும் என்னை நிக்க வைச்சனீங்கள்... இல்லை, ‘கொஞ்ச நேரம்’ இல்லை. மியூசிய ரிக்கெற்றில பத்து மணி எண்டு கிடக்கு. அவை வந்து சேர்ந்தது ஒண்டு நாப்பதுக்கு... ஓம், ஓம். சந்தோசமான விசயம் சொல்லத்தான் எடுத்தனீங்கள். விளங்குது.”

கஜேந்தினி முள்ளியவளையில், தன் வீட்டுக் குசினிக்குள் கதிரையில் இருந்தாள். இடது காலை இன்னொரு கதிரையில் தலையணை வைத்து ஏற்றியிருந்தாள். கொழும்பிலிருந்து வந்து நாலு நாள். நாலு நாளும் படிப்பிக்கப் போகவில்லை, வாயும் திறக்கவில்லை. இன்றைக்குப் பெரியம்மா விமலேஸ்வரி வெள்ளவத்தையிலிருந்து எடுத்து, வினோதன் வீட்டாருக்குப் பெண்ணைப் பிடித்துப் போயிற்று, ஆவணியில் நாள் வைக்கலாம் என்று சொன்ன பிறகுதான் அவளுக்குப் பேச்சு வந்தது. வந்தது நிற்கவில்லை.

“நான் கோவமாக் கதைக்கேல்லை... ஓம், கோவமாத்தான் கதைக்கிறன். சான்றிதழ் அலுவலா வந்தவளை என்ன சொல்லிக் கூட்டிக்கொண்டு போனனீங்கள்? ‘விஞ்ஞானம் படிச்ச பிள்ளை, கொழும்புக்கு வந்து மியூசியம் பாக்காமப் போறதே’ எண்டு. நானும் நம்பினன். திமிங்கிலத்தின்ர எலும்பை ஆவெண்டு பாத்துக்கொண்டு நிண்டன்... நில்லுங்கோ, சொல்லி முடிக்கிறன். எல்லாக் கண்ணாடிப் பெட்டியும் பாத்து முடிஞ்சு, திரும்ப முதல் பெட்டியிலயிருந்து துவங்கினனாங்கள். அப்பவே எனக்கு உறைச்சிருக்கோணும்.”

எதிரே நிலத்தில் இருந்து வெங்காயம் உரித்த அம்மா அருந்ததி, நிமிர்ந்து உதட்டில் விரலை வைத்தாள். மகள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

“கதிரையோ? எந்தக் கதிரை?... அது நீங்கள் தந்த கதிரை இல்லை. காவலுக்கு நிண்ட அந்தச் சிங்கள ஐயா, நான் படுற பாட்டைப் பாத்துப் பாவப்பட்டுத் தந்தவர். ரெண்டு நிமிசம் இருக்கவிடேல்லை நீங்கள். ‘எழும்பு, சல்வார் கசங்கும்.’ கசங்கினா ஆர் பாக்கப் போகினம் எண்டு கேட்டன். நீங்கள் புத்தர் சிலையைப் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்.

“பிறகு அவை வந்தினம்... ஓம், நாகேஸ்வரி அன்ரியும் மகன் வினோதனும். ‘அட, விமலாக்கா, நீங்களும் இஞ்சையே!’... கொழும்பில இவ்வளவு சனம் இருக்க, அவை தற்செயலா அந்த ராசாவின்ர சிம்மாசனத்துக்கு முன்னால வந்து நிக்கினமாம். நாடகம் போடுறதெண்டா ஒருக்காப் பழகிப் போட்டெண்டாலும் வாங்கோ பெரியம்மா. நீங்கள் அவை வர முதலே சிரிச்சிட்டீங்கள்.”

மறுமுனையில் குரல் உயர்ந்தது. கஜேந்தினி கைபேசியைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்து, அது தணிந்ததும் திரும்ப வைத்தாள்.

“முடிஞ்சுதோ?... அப்ப கேளுங்கோ. ‘பிள்ளை, எனக்குக் கண் தெரியேல்லை, அந்தப் பெட்டியில என்ன எழுதிக் கிடக்கெண்டு பாத்துச் சொல்லும்.’ அந்தத் தொங்கலுக்கும் இந்தத் தொங்கலுக்கும் மூண்டு தரம் என்னை விட்டவா அந்த அன்ரி. அவாவின்ர கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. நான் நடக்கிறதைப் பாத்தவா... ஓம், எல்லாரும் அப்பிடித்தான் பாக்கிறவை, தெரியும். அங்க கிடந்த சாமானைப் பாக்க ரிக்கெற் எடுக்கோணும். என்னை மட்டும் சும்மா பாத்தவை.”

...

“வினோதனோ? அவரில நான் ஒரு குறை சொன்னனானே?”

சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இருக்கவுமில்லை. மியூசியத்திலிருந்து ஓவியக் கூடத்துக்கு, பக்கம்தானே என்று நாலு பேரும் நடந்தார்கள். அங்கே சிவப்பும் கறுப்புமாக அள்ளி ஊற்றியதுபோல ஒரு பெரிய ஓவியம். வினோதன் அதற்கு முன்னால் நின்று தலையைச் சரித்து, பிறகு இடுப்போடு வளைந்து, இதைத் தலைகீழாக மாட்டிவிட்டார்களோ என்று அவளிடம் ரகசியமாகக் கேட்டான். அவள் சிரித்துவிட்டாள். அந்தக் கால்மணி நேரம் அவளுக்குக் கால் வலிக்கவில்லை.

“அவர் நல்லவர் மாதிரித்தான் இருக்கு. அதாலதான் எனக்கு இவ்வளவு கோவம்... உங்களுக்கு விளங்காது, விடுங்கோ. ஒண்டு கேக்கிறன், நேரா மறுமொழி சொல்லுங்கோ. எங்கட சனம் பொம்பிளை பாக்கிறது கோயில்லதானே? அம்மாவை வற்றாப்பளை அம்மன் கோயில்ல வைச்சுப் பாத்தவை. உங்கட மகள் கௌசலாவையும் கோயில்லதான் காட்டினனீங்கள். என்னை மட்டும் ஏன் மியூசியத்தில?... மழையோ? அண்டைக்கு எங்க பெரியம்மா மழை?... ஹலோ?... ஹலோ, இருக்கிறியளோ?

“சரி, நானே சொல்லுறன். கோயில் வாசல்ல செருப்பைக் கழட்டோணும். மியூசியத்தில கழட்டத் தேவையில்லை. அதுதானே?”

வெங்காயம் உரித்த கை நின்றது.

ஊருக்குத் திரும்பிய பஸ் வவுனியா தாண்டும்போதுதான் அது அவளுக்கு விளங்கியிருந்தது. மியூசியத்துக்குப் போக முதல் நாள் பின்னேரம் பெரியம்மா கையோடு கூட்டிப்போய் வாங்கித் தந்த சப்பாத்து, கணுக்கால் வரை மூடினது. பெரியம்மா எல்லாம் யோசித்திருந்தாள். அதைப் போட்டுக்கொண்டு எவ்வளவு தூரம் நடக்கலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதைத்தான் யோசிக்கவில்லை. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கழற்றியபோது உள்ளே இரத்தம் ஊறிக் காய்ந்திருந்தது.

“...அவை கேக்கேல்லை எண்டா நாங்கள் சொல்லத் தேவையில்லையோ?... கேட்டவா! பொய் சொல்லாதேங்கோ. ஓவியக் கூடத்துக்கு நடக்கேக்க நான் நொண்டினதைக் கண்டிட்டு, உங்களைப் பின்னுக்கு இழுத்து வைச்சு ஏதோ கேட்டவா. நான் திரும்பிப் பாத்தனான். என்ன சொன்னனீங்கள்?... அதை விடச் சொல்லுறியளோ? ஏன் விட வேணும்? என்னைப் பற்றின கதை, எனக்குத் தெரியாதோ?... ஓம். ஓம். தாலி ஏறட்டும், பிறகு மெல்ல மெல்லச் சொல்லலாம் எண்டுறியள். எப்பிடிப் பெரியம்மா மெல்ல மெல்லச் சொல்லுறது? கிழமைக்கு ஒரு விரலாவோ?”

அம்மா எழுந்து வந்து கைபேசிக்குக் கை நீட்டினாள். கஜேந்தினி அதை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

“அம்மா இஞ்சதான் நிக்கிறா. அவாவுக்கும் எல்லாம் தெரியும் போல... ஓம், எனக்கு இருபத்தாறு வயசு. இதை விட்டா வேற வராது, அதுவும் தெரியும். நாலு பேர் வந்தவை. நாலு பேருக்கும் முதலே சொன்னனாங்கள். நாலு பேரும் தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போனவை. அஞ்சாவதும் போனாப் போகட்டும்... நான் பெரிய அரிச்சந்திரன் இல்லை, உங்களுக்குப் பயந்துதான் நாலு நாளும் பேசாமல் கிடந்தனான்... என்ன?... ஏன் இப்ப குசுகுசுக்கிறியள்?... ஆர் ஹோலுக்க இருக்கிறது?”

அவள் கதிரையில் நிமிர்ந்தாள்.

“நாகேஸ்வரி அன்ரியோ? உங்கட வீட்டிலயோ? இவ்வளவு நேரமும்?... அப்ப அவாவிட்டைக் குடுங்கோ... குடுங்கோ பெரியம்மா... நான் குளிக்கிறன் எண்டு சொல்லாதேங்கோ, உங்களோடதானே கதைக்கிறன்... வைக்காதேங்கோ, வைச்சா நான் திருப்பி எடுப்பன்...”

மறுமுனையில் கதவு திறக்கும் சத்தம். பெரியம்மாவின் குரல் சட்டென்று தேனாகி யாரோடோ பேசியது. கைபேசி கை மாறியது.

“வணக்கம் அன்ரி... ஓம், கஜேந்தினிதான்... நல்லா இருக்கிறன். நீங்கள் சுகமே?... ஓம், சாப்பிட்டன்... இல்லை அன்ரி, வெக்கம் இல்லை... அவர் அப்பிடியே சொன்னவர்?... ஓம், நான் சிரிச்சனான்தான். அந்தப் படத்தை எந்தப் பக்கத்தால பாத்தாலும் ஒண்டுதான்...”

அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அம்மா அதைக் கண்டாள். கண்டு, நீட்டின கையை இறக்கினாள்.

“...காலோ?... சுளுக்கு எண்டோ? பெரியம்மாவோ சொன்னவா?... எண்ணெயோ... நாளைக்கு பஸ்ஸில குடுத்து விடுறியளோ... உங்கட அம்மா காச்சின எண்ணெயோ... மூண்டு நாள் உருவிப் பிடிச்சா...”

அம்மா மகளின் தோளை இறுக்கிப் பிடித்தாள். தலையை ஆட்டினாள். வேண்டாம், வேண்டாம் என்று ஆட்டினாள். கஜேந்தினி அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. அதன் மேல் தன் கையை வைத்துக்கொண்டாள்.

“எண்ணெய் வேண்டாம் அன்ரி... இல்லை, கேளுங்கோ. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கோ, பிறகு வினோதனுக்கும் சொல்லுங்கோ. சுளுக்கு இல்லை. ரெண்டாயிரத்து ஒன்பதில, கடைசிச் சண்டையில செல் குண்டு விழுந்தது. எனக்கு அப்ப பத்து வயசு. இடது கால் முழங்காலுக்குக் கீழ இல்லை அன்ரி. நீங்கள் நடக்க வைச்சுப் பாத்தது செயற்கைக் கால்.”