பதினான்காம் பை

இஞ்சிக்குத் தண்ணீர் தேங்கினால் ஆகாது, சார். பைக்கு அடியில் எட்டு ஓட்டையாவது போடவேண்டும். நிறையப் பேர் நாலு ஓட்டை போட்டுவிட்டு, கிழங்கு அழுகிவிட்டதென்று விதை கொடுத்தவனைத் திட்டுவார்கள்.

இருபத்தாறு வருஷம் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய்ப் போர்வெல் போட்டவன் நான். அலுத்துப்போய் ஆட்டையாம்பட்டி வீட்டில் உட்கார்ந்ததும், மொட்டைமாடியில் முப்பது பை இஞ்சி வைத்தேன். சித்திரையில் நட்டது. செம்மண், தொழுவுரம், தேங்காய் நார் எல்லாம் என் கையால் கலந்தது. ஒவ்வொரு பையிலும் நம்பர் எழுதி, மேலே பச்சை நிழல்வலையும் கட்டினேன். என் மனைவி கந்தம்மாளிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தேன். பையில் கை வைக்காதே.

அவளுக்கு இடது கையில் இரண்டு விரல் மடங்காது. போன வருஷம் என்னைக் கேட்காமல் கறிவேப்பிலைக் கிளையை ஒடித்தாள். அந்த விரல்களைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினேன். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் சண்டை சச்சரவே கிடையாது. அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள்.

ஆனி மாதம், புதன்கிழமை சாயங்காலம், செடிகளுக்கு மண் அணைக்கக் களைக்கொத்தோடு மாடிக்குப் போனேன். பதினான்காம் பை முன்னால் குத்தவைத்து, குருத்தோரம் மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தாள். மடியில் ஓர் இஞ்சித் துண்டு.

“ஏனுங்க, நாளைக்கு யுவஸ்ரீ சளியோட வாராளாமுங்க. கசாயம் வெக்கலாம்னுதான்” என்றாள். யுவஸ்ரீ எங்கள் மகள், நாமக்கல்லில் கட்டிக்கொடுத்தது. “நட்டு வெச்ச பழைய துண்டத்தானுங்க ஒடிச்சேன். செடி வேர் புடிச்சதுக்கப்புறம் எங்கூட்டுல அத எடுத்துருவாங்க. செடிக்கு ஒண்ணும் ஆவாதுங்க.”

வாழப்பாடியில் மஞ்சள் போடுகிற குடும்பத்தில் பிறந்தவள் அல்லவா, தனக்கு எல்லாம் தெரியுமென்று நினைப்பு. இரண்டு மாதப் பயிரின் வேரைக் கிளறினால் பிழைக்குமா? கோபமில்லை, சார். எனக்குக் கோபமே வராது.

ஐந்து வெட்டு என்று டாக்டர் சொன்னாராம். நான் எண்ணவில்லை. படித்தவர், சரியாகத்தான் சொல்வார். முதல் வெட்டிலேயே சாய்ந்துவிட்டாள். மற்றதெல்லாம், அவள் கை இன்னும் பையைப் பிடித்துக்கொண்டிருந்ததால் போட்டது.

“தண்ணி குடுங்க சாமி” என்றாள். பூவாளி நிறையத் தண்ணீர் இருந்தது. ஆனால் மண் அணைத்த கையோடு செடிக்கு ஊற்றவேண்டும், தள்ளிப்போட முடியாது. முப்பது பையும் முடித்துவிட்டுத் திரும்பினேன். அதற்குள் அவள் கேட்பதை நிறுத்தியிருந்தாள்.

மறுநாள் காலையில், வெயிலில் கிடக்கிறாளே என்று மனசு கேட்கவில்லை. நிழல்வலையை அவிழ்த்து அவள்மேல் போர்த்தலாம் என்று போனேன். இஞ்சி இலை கருகிவிடும் என்பதால் விட்டுவிட்டேன்.

மத்தியானம் யுவஸ்ரீ மாடியேறி வந்தாள். “அம்மாவ என்னப்பா பண்ணுனீங்க” என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். நான் பதினான்காம் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். செடி துளிகூட வாடவில்லை. பக்கத்தில் புதுக் குருத்து ஒன்று முட்டிக்கொண்டு வந்திருந்தது. கந்தம்மாள் சொன்னதுதான் சரி.

தப்பு செய்தவன் ஒப்புக்கொள்ள வேண்டும், சார். பழைய துண்டை எடுத்தால் செடி சாகாது. அது எனக்குத் தெரியாமல் போனது என் தப்பு. அதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.