தறிக்குழியில் வைத்த பாட்டில்

"ஹலோ... கலைவாணி?... அப்பாதாம்மா... இல்ல, இல்ல, எனக்கு ஒண்ணும் இல்ல. பாட்டிலுக்குத்தான்... பாட்டிலு, பாட்டிலு. ஏல் பாட்டிலு... ஆமா, ஆமா, நீ காய்ச்சறியே, அதேதான். ஒடைச்சிட்டேன்."

திருஞானசம்பந்தம் தறிக்கு முன்னால் கால்களை மடக்கித் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கால்மிதி இருக்கும் குழிக்குள் கண்ணாடித் துண்டுகள், பீர் நுரை. நெய்துகொண்டிருந்த சேலையில் கையகல ஈரம். பழியைத் தூக்கி இன்னொருவர் தலையில் போடலாமென்றால் வீட்டில் இன்னொரு தலை இல்லை.

"எங்க வெச்சேனா? தறிக்குழியில... ஏன்னா? ஐஸா இருந்தா ருசி தெரியாது, தரைக்குக் கீழ குளுமையா இருக்கிற எடத்துல வெக்கணும்னு நீதானே சொன்ன... என்கிட்ட இல்லமா. வீடியோவுல. தலைக்கு வலை மாட்டிக்கினு ஸ்டீல் டாங்க் பக்கத்துல நின்னு பேசறியே, அது... ஒரு வாட்டி பாத்தேன்... செரி, பதினோரு வாட்டி. பாதி இங்க்லீஷுல பேசினா ஒரே வாட்டியில எப்பிடிப் புரியும்?... அதான், நம்ம வீட்ல தரைக்குக் கீழ வேற என்ன இருக்குது? வெச்சேன். வெச்சத மறந்துட்டு ஒக்காந்து மிதிய மிதிச்சேன். நாப்பது வருஷமா மிதிக்கிற காலு, குறி தப்புமா?"

அந்தப் பக்கம் ஏதோ சத்தம் கேட்டது. சிரிப்பாக இருக்கும் என்று அவர் நம்பினார்.

"சேலையா? மாம்பழக் கலரு. நாய்க்குட்டி வந்து போயிட்ட மாதிரி இருக்குது... ஒத்தி எடுத்துட்டேன். காய்ஞ்சா தெரியாது... தெரிஞ்சாலும் வாசனை தூக்குமே. கல்யாணப் பொண்ணு பாடு! அத வுடு. இன்னும் ரெண்டு பாட்டில் இருக்குது. புதுசா குடிக்கிறவனுக்கு எது நல்லது?... நான்தான். வேற யாரு இருக்காங்க இங்க?"

இதைச் சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டு, அவசரமாக வேறு பேச்சுக்குத் தாவினார்.

"சென்னையில மாலுக்குள்ள இருக்கிற சரக்குக் கடைக்குப் போயி 'ஏல் குடுப்பா'ன்னேன். என்ன ஏலுன்னு கேக்கறான்! பேல் ஏலாம், பிரவுன் ஏலாம், கருப்பு ஏலாம். பட்டுக்கடைக்குத் தனியா வந்த ஆம்பள மாதிரி முழிச்சேன். மூணையும் தூக்கிக்கினு வந்துட்டேன். பேலு குழியில போயிடுச்சி. பிரவுனும் கருப்பும் அலமாரி மேல இருக்குது... என் ருசியப் பொறுத்ததா? செரி, எழுதிக்கோ. சுண்டக்கா வத்தல்னா உசுரு. காப்பிக்கு சக்கரை ரெண்டு ஸ்பூனு. இப்ப எது?... ரெண்டுமே நல்லாத்தான் இருக்குமா? என்னம்மா நீ, பத்து சேலை எடுத்துப் போட்டுட்டு 'எல்லாமே உங்களுக்கு எடுப்பா இருக்கும்'னு கடைக்காரன் சொல்றாப்ல சொல்ற!... ஏன் திடீர்னா? நீ என்ன செய்யறன்னு... ஒரு வாய் பாக்கலாம்னுதான்... இரு, இரு, வெக்காத. ஜன்னல்ல யாரோ..."

எதிர்வீட்டுக் கலாவதி. மூக்கை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் வருகிறவள்.

"என்னம்மா கலாவதி?... வாசனையா? ஒண்ணுமில்லமா, டானிக்கு பாட்டில் ஒடைஞ்சிடுச்சி!... ஆமா, ஆமா, பொண்ணு கம்பெனி டானிக்குதான்!"

போனைக் காதுக்குக் கொண்டுவந்தார்.

"ம், சொல்லுமா... ஹலோ?... கலைவாணி?"

போன ஆடியில், கலைவாணியின் அம்மாவுக்கு முதல் தெவசத்தன்று, பந்தியில் உறவுக்காரர்கள் கேட்டபோதும் இதையேதான் சொன்னார்: பெங்களூரில் டானிக் கம்பெனி. பரிமாறிக்கொண்டிருந்த கலைவாணி சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் போனவள்தான். தீபாவளிக்கு வரவில்லை. பொங்கலுக்கு வரவில்லை. எப்போது கேட்டாலும், பாக்கலாம்பா.

"லைன்ல இருக்கியாமா?... நாக்குக்குப் பழகிடுச்சிமா, அதுவா வந்துடுச்சி... இல்ல, நாக்கு மேல பழி போடல... ஒண்ணு கேக்கறேன். அந்த டானிக்குக்காகத்தான் நீ வீட்டுக்கு வராம இருக்கியா?"

இல்லப்பா, வேலை அதிகம் என்பாள் என்றுதான் எதிர்பார்த்தார். அவரும் அப்படியா என்று சொல்லிவிட்டுச் சோறு வடிக்கப் போகலாம்.

"... ஆமாவா?"

 அவர் எழுந்து, போனைக் கையில் தூக்கிப் பிடித்தபடி ஜன்னலுக்குப் போனார்.

"கலாவதி! ஏ கலாவதி!... டானிக்கு இல்லமா. அது பேரு ஏலு... பீரு மாதிரி... குடிக்கிறதுதான்! எம் பொண்ணு பெங்களூர்ல அதத்தான் காய்ச்சறா. டாங்க் டாங்க்கா! அவ சொன்னாத்தான் அங்க அடுப்பே பத்தும்... ஆமா, நானும்தான் குடிக்கப் போறேன். போ, போயி சொல்லு."

கலாவதிக்குச் சொன்னால் போதும். பெரிய காஞ்சிபுரத்தில் மைக் செட் கட்டத் தேவையில்லை.

"கேட்டுதாமா?... ம்... அப்ப பங்குனி உத்திரத்துக்கு வர்றியா? பாக்கலாம்னு மட்டும் சொல்லாத... வரலியா... லீவு இல்லியா?... இருக்குது. இருந்தும்... ம்... மனசு இன்னும் ஆறல... ம், ம்... செரிமா. இல்லமா, கோவம் இல்ல. பாக்கலாம்ன்றதுக்கு இது எவ்ளோவோ தேவல."

அலமாரி மேல் இரண்டு பாட்டில்களும் பெண் பார்க்க வந்தவர்கள்போல் கம்மென்று நின்றன.

"எதுன்னாவது சொல்லிட்டு வெய்யி... பிரவுனு. ம். கசப்பு கம்மி... டம்ளர சாய்ச்சிப் புடிச்சி ஊத்தணும். மொதல்ல மோந்து பாக்கணும்... செரி, செரி. அப்ப நாளைக்குக் கருப்பு... தொறக்கக் கூடாதா? ஏன்?... ஒத்த ஆளா குடிக்கக் கூடாதா? அது என்னமா சட்டம்?... நீ வந்ததும் சேந்து..."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எப்ப?... ஆடியில. அம்மா தெவசத்துக்கு... செரி. செரிமா... இல்லல்ல, குழியில வெக்க மாட்டேன்..."

அவள் வைத்துவிட்டாள்.